மாதன் கோலை விட்டு இறங்கிப் போன விவரம்

கள்ளக்குறிச்சி,
17-3-1987, செவ்வாய்.

சின்னசேலம் ரயில்வே கேட் கீப்பரும் எனது மைத்துனருமான கொளஞ்சியப்பன் அவர்களுக்கு, ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர் பிச்சைமுத்து வணக்கம் சொல்லி எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் அக்கா ரங்கம்மாளும் சௌக்கியம். பிள்ளை சின்னதுரை முழங்காலுக்கு மேலே சௌக்கியம். அவ்விடம் நீங்களும் தங்கச்சி சாலம்மாளும் மகள் செவ்வந்தியும் உங்கள் பொறுப்பில் உள்ள கேட்டும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினம் விளக்கேற்றும்போது உங்கள் அக்கா வேண்டிக்கொள்கிறாள், நானும் பக்கத்தில் நிற்கிறேன்.

உங்கள் கடிதம் இன்று காலைத் தபாலில் வந்தது. மொத்தம் நாலு வரி. "ஏழுக்கு ஒன்று என்று கேள்விப்பட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை ஆத்தூர்க்காரர்கள் செவ்வந்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையனுக்கு ஆபீஸ் வேலை. இனி உங்கள் இஷ்டம்." இதை நான் படித்து முடித்ததும் உங்கள் அக்கா, "எந்தம்பி இப்டி எழுதற ஆளே இல்ல, நீங்க இன்னா பண்ணித் தொலைச்சீங்க?" என்று என்னைக் கேட்டாள். நான் ஒன்றும் பண்ணவில்லை மச்சான். இந்த சீசனில் நடந்ததில் எது என் தப்பு, எது என் தப்பில்லை என்பதை நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளலாம். பெரும்பாலும் என் தப்பில்லை.

முதலில் பேச்சு என்ன என்பதை நினைவுபடுத்துகிறேன். பொங்கலுக்கு மறுநாள் நானும் உங்கள் அக்காவும் தட்டோடு உங்கள் வீட்டுக்கு வந்து சின்னதுரைக்குச் செவ்வந்தியைக் கேட்டோம். நீங்கள் மகளைக் கேட்கச் சொன்னீர்கள். அவள் காப்பி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "கட்டிக்கிறேன் மாமா. ஆனா சென்டர் பார்வர்டுன்னு பேர வெச்சிக்கினு போன வருசம் பூரா ஒரு கோல் போடல. இந்த சீசன்ல ஒண்ணே ஒண்ணு போடச் சொல்லுங்க. ஒரு மனுசன் எதையாச்சும் முடிச்சிக் காட்டணும் இல்ல?" என்றாள். பள்ளிக்கூட ஹாக்கி டீமில் லெஃப்ட் ஹாஃப் ஆடிய பெண், அவளிடம் நான் என்ன பேச? சின்னதுரை தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான். ஆகக் கேட்டது ஒரு கோல். போட்டது ஒரு கோல். நாம் எத்தனை வாங்கக் கூடாது என்று அன்றைக்கு அவளும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை ஆத்தூர்க்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தேதி குறிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் சின்னசேலத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்று உங்கள் அக்கா இன்னொரு தாள் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

போன வருஷம் நான் பழக்கும் நம் கள்ளக்குறிச்சி டீம் பதினாலு கோல் போட்டு முப்பத்தொன்று வாங்கியது. பழைய கீப்பர் நல்ல பையன், ஆனால் பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்வான், போன பிறகு திறந்து பார்ப்பான். வாங்குவதை நிறுத்தினால் போடுவது தானாக வரும் என்று நான் கணக்குப் போட்டேன். கார்த்திகை மாசத்தில் உங்கள் அக்காவுக்குத் தேன் வாங்க வெள்ளிமலைக்கு பஸ் ஏறினேன். மலைப்பாதையில் வளைவுக்கு ஒரு தரம் வாந்தி எடுத்ததில் பாதி வழியிலேயே இறங்கி நடந்தேன். அங்கே ஒரு சரிவில் சாமைக் கொல்லை. நடுவில் பரண். பரண் மேல் ஒருத்தன் கம்பளியைப் போர்த்துக்கொண்டு குந்தியிருந்தான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இந்தப் பக்கம் கிளிக்கூட்டம் இறங்கியது, அந்தப் பக்கம் பன்றி வந்தது. கவணில் ஒரு கல், கையில் ஒரு தடி, வாயில் ஊய் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான் மச்சான், ஒரு கதிர் நஷ்டமில்லை. நான் ரிட்டயர் ஆகியும் பையில் ஒரு ஹாக்கிப் பந்து வைத்திருப்பேன், உங்களுக்குத் தெரியும். அதை எடுத்து அவன் முதுகுக்குப் பின்னால் பலமாக எறிந்தேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் தடியால் தட்டினான். பந்து வந்து என் தோளில் பட்டது. செலக்ஷன் அங்கேயே முடிந்தது.

அவன் பேர் மாதன். அறுப்பு முடிந்து தை மாசத்துக்கு மேல் அவனுக்கு வேலை இல்லை. அவன் சம்சாரம் வெள்ளச்சி எனக்குக் கேழ்வரகுக் கூழ் ஊற்றிக் கொடுத்தபடி, "இட்டுக்கினு போ சார். சும்மா குந்திக்கினுதான் இருக்கும். காவலுன்னு சொல்லிட்டா சோறு தண்ணி கேக்காது. வேலை முடிஞ்சிட்டா மட்டும் ஒரு நிமிசம் நிக்காது, அத மட்டும் பாத்துக்க" என்றாள். முன்பாதி என் காதில் விழுந்தது. பின்பாதியின்போது கூழ் குடித்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் மாதனைக் கோலுக்குள் நிறுத்தி, காலுக்குப் பேடு கட்டிவிட்டு, ஆட்டத்தை விளக்கினேன். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான், யாருக்கு எதைச் சொன்னால் விளங்கும் என்று எனக்குத் தெரியும். "மாதா, இதான் உன் கொல்லை. இந்த ரெண்டு கம்பத்துக்கு நடுவுல வர பந்துதான் பன்னி. ஒண்ணு கூட உள்ள போகக் கூடாது" என்றேன். "எம்மா நேரம் சார் காவலு?" என்றான். "நாம அறுப்பு அறுக்கற வரிக்கும்" என்றேன். "அறுப்புன்னா இன்னா சார்?" என்றான். எதிர்ப் பக்கம் இருந்த கோலைக் காட்டி, "நம்ம பசங்க அங்க ஒரு கோல் போட்டாங்கன்னா அதான் அறுப்பு" என்றேன். அவன் ரொம்ப நேரம் அந்தக் கோலைப் பார்த்துவிட்டு, "வெளங்கிருச்சு சார்" என்றான். இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது என்று எனக்கு அன்றைக்கு ஒரே பெருமை.

மொத்தம் அஞ்சு டீம், ஒவ்வொருத்தருக்கும் எட்டு ஆட்டம். முதல் ஏழு ஆட்டத்தில் மாதன் ஒரு கோல் கூட விடவில்லை. கோட்டின் மேல் கம்பளியை மடித்துப் போட்டுக் குந்தியிருப்பான். பந்து நம் பாதிக்கு வந்ததும் எழுந்து ஊய் என்பான். சங்கராபுரத்துப் பையன் ஒருத்தன் அந்தச் சத்தத்தில் ஸ்டிக்கைப் போட்டுவிட்டு ஓடினான். கீப்பர் எங்களைப் பன்றியை விரட்டுகிற மாதிரி விரட்டுகிறான் என்று அம்பயரிடம் புகார் போனது. அவர் ரூல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டு, அதற்குத் தடை இல்லை என்றார். இடைவேளையில் எல்லோரும் தண்ணீர் குடிக்க வருவார்கள், மாதன் மட்டும் வர மாட்டான். "காவலுக்காரன் தண்ணி குடிக்கப் போற நேரம் பன்னிக்குத் தெரியும் சார்" என்பான்.

ஆனால் மச்சான், அந்த ஏழு ஆட்டத்திலும் நாம் போட்ட கோலும் பூஜ்யம். போன வருஷம் பதினாலு போட்ட அதே பசங்கள். எனக்குத் தலை சுற்றியது. மூன்றாவதாக நடந்த தியாகதுருகம் ஆட்டத்தில்தான் காரணம் தெரிந்தது. இதே ஊரில் இருக்கும் என் தங்கை மகன் வேடியப்பன், ரைட் இன் ஆடுகிறவன், போன வருஷம் ஆறு கோல் போட்டவன், எதிராளிக் கீப்பரையும் தாண்டிப் போய்விட்டான். முன்னால் காலி கோல். ஊதினால் பந்து உள்ளே போய்விடும். இவன் பந்தை நிறுத்தினான். ஸ்டிக்கை அதன் மேல் வைத்துக்கொண்டு திரும்பி, "சின்னதுர! ஏய் சின்னதுர! வாடா மச்சான்!" என்று கூப்பிட்டான். சின்னதுரை நடு மைதானத்தில் விழுந்து எழுந்துகொண்டிருந்தான். அவன் வந்து சேருவதற்குள் எதிராளிகள் நாலு பேர் வந்து பந்தை எடுத்துப் போய்விட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் வேடியப்பனின் சட்டையைப் பிடித்து, "ஏன்டா அடிக்கல?" என்று கேட்டேன். அவனுக்கு என் மேல்தான் கோபம். "இன்னா மாமா நீ, பெரிய மனுசன் இப்டி கேக்கற? பொண்ணு வூட்ல ஒரு கோல்னு கேட்டுக்கினு இருக்காங்க. மாப்ள போடறதுக்கு மின்ன நான் போட்டா மொறையா? பந்தியில மாப்ள குந்தறதுக்கு மின்ன நான் எலய போட்டுக்கினு குந்தின மாதிரி இல்ல? நாளிக்கி ஊர்ல இன்னா பேசுவாங்க?" என்றான். விசாரித்தால் சின்னதுரை போக மற்ற நாலு பார்வர்டுகளில் மூன்று பேர் நமக்குச் சொந்தம், மூன்று பேருக்கும் இதே நியாயம். நாலாவது ஆள் சொந்தமில்லை, ஆனால் எல்லோரும் நிறுத்தும்போது தான் மட்டும் அடித்தால் நன்றாக இருக்காது என்று அவனும் நிறுத்தியிருக்கிறான். நீங்கள் எல்லோரும் அடியுங்கள் என்று நான் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். சரி மாமா சரி மாமா என்பார்கள், கோல் பக்கத்தில் போனதும் நின்று சின்னதுரையைத் தேடுவார்கள்.

நாலாவது ஆட்டத்துக்குள் இந்த விஷயம் மற்ற டீம்களுக்கும் தெரிந்துவிட்டது. நம் மற்ற நாலு பார்வர்டுகளையும் அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை, சின்னதுரையைச் சுற்றி மட்டும் மூன்று பேர் நின்றார்கள். ஐந்தாவது ஆட்டத்தில் நமக்குப் பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. டீம் மொத்தமும் அவனைப் பிடித்து முன்னால் தள்ளியது. நேராகக் கீப்பரின் முழங்காலில் அடித்தான். அந்தக் கீப்பரே, "கொஞ்சம் லெஃப்டுல அடிச்சிருக்கலாமே அண்ணே, நான் வுட்டிருப்பேன்" என்று வருத்தப்பட்டான். சின்னதுரை அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அவன் வாய் திறந்து பேசுகிற பிள்ளை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். டிராக்டர் ஒர்க்ஷாப்பில் நாள் பூரா நட்டு முடுக்குவான், வீட்டுக்கு வந்தால் பின்பக்கச் சுவரில் கரியால் கோல் வரைந்து இருட்டும் வரை அடிப்பான். அதில் மட்டும் ஒன்று கூடத் தவறாது. பெற்றவன் மனசு எப்படி இருக்கும் மச்சான்?

ஏழு ஆட்டம், ஏழு டிரா, டிராவுக்கு ஒன்று வீதம் ஏழு புள்ளி. இதற்குள் மற்ற டீம்கள் ஒருத்தரை ஒருத்தர் மாற்றி மாற்றித் தோற்கடித்துக்கொண்டதில் மூன்று டீம் எட்டுப் புள்ளியோடு எல்லா ஆட்டத்தையும் முடித்து உட்கார்ந்துவிட்டது. மூங்கில்துறைப்பட்டுக்கும் நமக்கும் ஏழு ஏழு. கடைசி ஆட்டம் எங்கள் இருவருக்கும்தான், ஜெயித்தால் ரெண்டு புள்ளி, ஜெயிப்பவருக்கு ஷீல்டு. ஒரு சீசன் முழுக்க ஒரு கோல் கூடப் போடாமல் ஷீல்டுக்கு ஒரு கோல் தூரத்தில் வந்து நின்ற டீமை நான் பார்த்ததில்லை. என் பிள்ளையின் கல்யாணமும் அதே ஒரு கோல் தூரத்தில்தான் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மூங்கில்துறைப்பட்டில் ஆட்டம். மைதானத்தை ஒட்டி ஆலைக்குப் போகும் பாதை. கரும்பு டிராக்டரும் மாட்டு வண்டியும் வரிசையில் நிற்கும், ஜனங்கள் வண்டி மேல் ஏறி உட்கார்ந்து கரும்பைக் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். இடைவேளையில் ரெண்டு வண்டி குறுக்கு வழியாக மைதானத்தின் மேலேயே போய்விட்டது. கோலுக்கு முன்னால் சுண்ணாம்பில் போடும் அரைவட்டம் இருக்கிறதே, அதற்குள்ளிருந்து அடித்தால்தான் கோல், அந்தக் கோட்டில் பாதி சக்கரத்தோடு போய்விட்டது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இடைவேளைக்கு அப்புறம் பதினைந்தாவது நிமிஷம். வேடியப்பன் வழக்கம்போல் பந்தை நிறுத்தி வைத்துக்கொண்டு கூப்பிட்டான். இந்தத் தடவை சின்னதுரை பக்கத்திலேயே இருந்தான். ஓடி வந்த வேகத்தில் ஒரே அடி. பந்து கோலின் பின்பலகையில் பட்டு எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அம்பயர் விசில் ஊதிக் கையை நடு மைதானத்துக்குக் காட்டினார். நம் பசங்கள் எல்லோரும் அவன் மேல் விழுந்து அமுக்கினார்கள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அழுதேன் மச்சான், உங்களிடம் மறைப்பானேன். துடைத்துப் போட்டுக்கொண்டு நம் பக்கம் திரும்பிப் பார்த்தால் கோலில் ஆளில்லை.

மாதன் கம்பளியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பேடு கட்டிய காலோடு, கரும்பு வண்டிகளுக்கு நடுவே பஸ் ஸ்டாப்பைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான். நான் பின்னாலேயே ஓடினேன். எனக்கு அறுபது வயசு, அவனுக்கு மலைக்கால். பஸ் ஸ்டாப்பில்தான் பிடிக்க முடிந்தது. "டேய் மாதா, எங்கடா போற?" என்றேன். "வூட்டுக்கு சார். அறுப்பு ஆயிருச்சே" என்றான். "இன்னும் இருவது நிமிசம் ஆட்டம் இருக்குடா!" என்றேன். "நீங்கதான சார் சொன்னீங்க, அறுக்கற வரிக்கும் காவலுன்னு?" என்றான். எனக்குப் பின்னால் மைதானத்தில் ஒரு விசில் கேட்டது. "சொன்னண்டா, தப்பா சொல்லிட்டேன், வா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "சார், எங்க பக்கம் அறுப்பு வூட்டுக்கு வந்துட்டா அப்புறம் காவலு இல்ல. அறுத்த தாளு ஊருக்குப் பொது. யாரு மாடு வேணா மேயலாம். அப்புறம் போயி நின்னு வெரட்டனா சாமி குத்தம் சார். கெலிச்சவன் பேராசப்பட்டான்னு பேசுவாங்க" என்றான். இன்னொரு விசில். நான் அம்மன் மேல் சத்தியம் பண்ணினேன். ஒரு விசில். இது மலை இல்லை என்றேன். ஒரு விசில். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக, "பசங்கள நல்லா அறுத்தாங்கன்னு சொல்லு சார்" என்றான். பஸ் கிளம்பும்போதும் ஒரு விசில் கேட்டது. பேடு அவன் காலோடு வெள்ளிமலைக்குப் போய்விட்டது.

நான் திரும்பி வந்து சேர்ந்தபோது கடைசி விசில். ஏழுக்கு ஒன்று. ஷீல்டு அவர்களுக்கு. ஐந்து டீமில் நாம் ஐந்தாவது. சீசன் பூரா ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்றுக் கடைசி இடம் வாங்கினோம். நம் பசங்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தனும் என்னோடு பேசவில்லை, தோற்ற கோபம். உங்கள் மருமகன் கோலுக்கு உள்ளே மண்ணில் மல்லாந்து படுத்திருந்தான். ஒரு கோல் போட்டதும் கடமை முடிந்தது என்று படுத்துவிட்டானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எழுந்திருடா, ஊரே பாக்குது. ஒருத்தன் ஓடிப் போனா இன்னொருத்தன் படுத்துக்கறதா?" என்று சத்தம் போட்டேன். பஸ்ஸிலும் கள்ளக்குறிச்சி வரும் வரை விடவில்லை. ரெண்டு காலும் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை வீங்கி நீலம் பாரித்துக் கிடந்தது. என்னடா இது என்றதற்கு, "வுழுந்துட்டேம்பா" என்றான். உங்கள் அக்கா மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறாள்.

இன்று காலையில் மாதன் பேடைத் திருப்பிக் கொடுக்க வந்தான். கூடவே ஒரு படி சாமை, வெள்ளச்சி கொடுத்தனுப்பியது, அறுப்பானதற்கு. சாயங்கால பஸ்ஸுக்காக வாசல் வேப்ப மரத்தடியில் குந்தியிருக்கிறான். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனாலும் மச்சான், உங்களைப் போல் ஒரு கேட் கீப்பரால்தான் அவனைப் புரிந்துகொள்ள முடியும். ரயில் வரும் வரை கேட்டை மூடி வைக்கிறீர்கள். அதுவரைக்கும் கலெக்டர் ஜீப் வந்தாலும் நிற்க வேண்டியதுதான். ரயில் போய்விட்டால் திறந்துவிடுகிறீர்கள். அப்புறம் கட்டை வண்டி போகிறதா, கழுதை போகிறதா என்று நீங்கள் பார்ப்பதில்லை. மாதன் செய்தது அதுதான். ஆக இந்த சீசனில் கீப்பர் மேலும் குற்றம் சொல்ல முடியாது, முறை பார்த்து நின்ற பார்வர்டுகள் மேலும் குற்றம் சொல்ல முடியாது. தடுக்க வேண்டியவன் தடுத்தான், போட வேண்டியவன் போட்டான், சேர்த்துப் பார்த்தால் மட்டும் ஏழுக்கு ஒன்று. சின்னதுரையின் கோல் அம்பயர் ஊதிய கோல், ஸ்கோர் புத்தகத்தில் பேரோடு ஏறிய கோல். அதை ஒப்புக்கொண்டு ஆத்தூர்க்காரர்களுக்கு இன்றைக்கே ஆள் அனுப்பிவிடவும்.

தங்கச்சி சாலம்மாளுக்கு என் அன்பு. செவ்வந்திக்கு எங்கள் ஆசீர்வாதம், ஏழு என்ற நம்பர் அவள் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளவும். உங்கள் குடும்பமும் உங்கள் கேட்டைக் கடந்து போகும் ஜனங்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அந்தக் கல்வராயன் மலைச் சாமிகள் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்காளைக் கட்டிய
பிச்சைமுத்து.

பி.கு.: கவரைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தபோது மூன்று மணி பஸ்ஸில் செவ்வந்தி வந்து இறங்கினாள். கையில் வீக்கத்துக்குத் தைலம். கவரை வாங்கிப் பிரித்து, நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள். மூன்று இடத்தில் சிரித்தாள், எந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு, "மாமா, மொதல்ல அந்தக் கோலு கோலே இல்ல. வட்டத்துக்கு ரெண்டு மொழம் வெளிய நின்னு அடிச்சாரு. நான் அந்தக் கரும்பு வண்டி மேலதான் குந்திக்கினு இருந்தேன், எனக்குக் கோடு போட்ட எடம் தெரியும்" என்றாள். மச்சான், ஞாயிற்றுக்கிழமை அவள் மூங்கில்துறைப்பட்டில் தன் கூடப் படித்த சின்னப்பொண்ணு வீட்டுக் காதுகுத்துக்குப் போனதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கோபப்பட வேண்டாம், காதும் குத்தியிருக்கிறார்கள்.

"ரெண்டாவது," என்றாள். "நீங்க மாதன் பின்னால ஓடிட்டீங்க. அம்பயரு யாரு கீப்பருன்னு கேட்டாரு. எவனும் வாயத் தொறக்கல. ஒங்க புள்ளதான் கையத் தூக்கனாரு. பேடு இல்ல, ஒண்ணும் இல்ல, வெறுங்காலு. ஏழு உள்ள போச்சு. பதினொண்ணு போவல. நான் எண்ணிக்கினே இருந்தேன். எதையாச்சும் முடிச்சிக் காட்டணும்னு கேட்டேன். தோக்கற ஆட்டத்துல கடைசி விசில் வரிக்கும் நின்னாரு. எனக்கு அது போதும்." உங்கள் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சின்னதுரை கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். முப்பத்திரண்டு வருஷம் விசில் ஊதியிருக்கிறேன், தடுத்ததை எண்ண வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை மச்சான். அவனை அந்த மண்ணில் வைத்தும் பஸ்ஸில் வைத்தும் நான் பேசிய பேச்சை எங்கே போய்த் திரும்ப வாங்கிக்கொள்வது? பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "பரவால்லப்பா" என்றான்.

இது இப்படி இருக்க, வாசலில் இருந்த மாதன் காதில் முதல் பாதி மட்டும் விழுந்திருக்கிறது. எட்டிப் பார்த்து, "அப்ப அறுப்பு ஆவலியா சார்?" என்றான். ஆகவில்லை என்றேன். முகம் செத்துப்போயிற்று. பேடை எடுத்துக்கொண்டு நேரே நம்மூர் மைதானத்துக்குப் போய்க் கோலில் குந்திக்கொண்டான். சீசன் முடிந்துவிட்டது என்று போய்ச் சொன்னேன். "அறுக்காத கொல்லய வுட்டுட்டு வந்துட்டேன் சார், வெள்ளச்சி மூஞ்சில எப்டி முழிப்பேன்?" என்கிறான். ஒரு ஆடும் ரெண்டு மாடும் அந்தப் பக்கம் வந்து திரும்பி ஓடிவிட்டன. வெள்ளிமலைக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்கு. எதிர்க் கோலில் ஒரு கோல் விழுந்தால்தான் எழுந்திருப்பான். சின்னதுரையால் நிற்க முடியாது. வேடியப்பனைக் கூட்டி வந்து, வட்டத்துக்குள் பந்தை வைத்து, அடிடா என்றேன். அவன் ஸ்டிக்கைப் பந்து மேல் வைத்துக்கொண்டு, "மாப்ள இன்னும் போடலியே மாமா" என்றான்.

செவ்வந்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் கையிலிருந்த ஸ்டிக்கைப் பிடுங்கினாள். ஐந்து நாற்பதுக்கு, வட்டத்துக்குள்ளிருந்து, காலிக் கோலில் உங்கள் மகள் ஒரு கோல் போட்டாள். நானே விசில் ஊதினேன். மாதன் கம்பளியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இந்தத் தடவை பேடைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, ஆறு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

ஆகவே மேலே எழுதியதில் எதையும் பொருட்படுத்த வேண்டாம். அந்தப் பேடைச் செவ்வந்தி இப்போது சின்னதுரையின் காலில் கட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அடுத்த சீசனுக்கு அவன்தான் கீப்பராம். வீக்கத்துக்கு மேல் வார் எட்டவில்லை. வடிய இன்னும் பத்து நாள் ஆகும் என்கிறாள், தேதியை அதற்கு அப்புறமாகக் குறிக்கவும்.